அம்மா படிக்கிற வேகத்தில் ஒரு பக்கம்

கிஷாந்தன் செய்த படக்காட்சியில் எழுத்துகள் சும்மா வந்து நிற்பதில்லை. ஒவ்வொன்றாகப் பறந்து வரும். ஒரு சுற்றுச் சுற்றும். அப்புறம்தான் உட்காரும். உட்காரும்போது ‘டிங்’ என்று ஒரு மணிச் சத்தம்.

பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் அதை முதன்முதலாக ஓடவிட்டபோது, தங்கை ஆர்த்திகா கைதட்டினாள். மொத்தம் இருபத்திரண்டு படங்கள். பின்னால் முழுக்க ரோசாப்பூ. ஒவ்வொரு படமும் நான்கு விநாடி நிற்கும். பிறகு திரை கதவு போலத் திறந்து அடுத்த படம் வரும்.

“அம்மா அசந்து போயிருவாங்க பாரு,” என்றான் கிஷாந்தன்.

அவன் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் இருந்த ஐந்து கணினிகளில் எது முரண்டு பிடித்தாலும் சுலோஜனா டீச்சர் அவனைத்தான் கூப்பிடுவார். ஆர்த்திகா ஆறாம் வகுப்பு. அவளை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அவர்களுடைய அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். போய் இரண்டு வருடம். அவர் போன பிறகுதான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், இவர்கள் இருந்த லயத்து வரிசை வீட்டுக்கு மேலே, வீடு கட்ட ஒரு துண்டு நிலம் கிடைத்தது.

லயத்தில் இவர்களுக்குக் காம்பரா என்று ஒரே ஓர் அறை. முன்னால் ஒரு கதவு. பின்னால் அடுத்த வீட்டுச் சுவர். அடுப்புப் பற்றவைத்தால் புகை போக வழி தெரியாமல் எல்லோருடைய கண்ணுக்குள்ளும் போகும். அதனால், புது வீடு என்று கேட்டதும் அம்மா தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“குசினிக்கு ஜன்னல் வைப்பீங்களா?”

“வைக்காம?” என்றார் அப்பா.

எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை ஆரம்பித்தது.

“பின்சுவத்துல வைப்போம். கறித்தோட்டம் தெரியும்,” என்றார் அப்பா.

“கத்தரிக்காயை ஜன்னல் வழியா வேற பாக்கணுமாக்கும்! இடது பக்கம் வைங்கப்பா. மலை தெரியும், பனி தெரியும்,” என்றான் கிஷாந்தன்.

சுவர் கட்டிய மேசன் பாஸுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. “பெரிய ஜன்னல் வச்சா குளிர்ல வெறச்சுப் போவீங்க. மேல சின்னதா ஒரு ஓட்டை விட்டாப் போதும். புகை தானாப் போயிரும்.”

ஆர்த்திகா மட்டும் ஒரு பக்கமும் சேரவில்லை. “சமைக்கப் போறது அம்மாதானே? அம்மாகிட்டயே கேப்போம்,” என்றாள்.

கேட்டார்கள். அம்மாவால் சொல்ல முடியவில்லை.

“எடத்தைப் பாக்காம எப்படிக் கண்ணு சொல்றது? இடது பக்கம்னா எங்க நின்னா இடது பக்கம்? எனக்கு ஒண்ணும் புரியலையே.”

அதனால்தான் இந்தப் படக்காட்சி. சுலோஜனா டீச்சர் தன்னுடைய டிஜிட்டல் கேமராவைக் கொடுத்தார். சுவர் அப்போது இடுப்பளவு எழுந்திருந்தது. கிஷாந்தன் உள்ளே நின்றும் வெளியே நின்றும் படமெடுத்தான். படக்காட்சியை அப்படியே இணையப் பக்கமாக மாற்ற, அந்த மென்பொருளில் ஒரு கட்டளை இருந்தது. அதை ஒரு தட்டுத் தட்டினான். சிடியில் ஏற்றி, கடைத்தெருவில் இருந்த ஹாஷிம் நானாவின் கம்யூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோனான். இணையத்தில் ஏற்றி முடிப்பதற்குள் கடை சாத்தும் நேரமாகிவிட்டது. திறந்து பார்க்காமலே வீட்டுக்கு வந்துவிட்டான்.

“பள்ளிக்கூடத்துல நல்லா ஓடுச்சில்ல? அங்கயும் ஓடும்,” என்றான்.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் வெளியே போக ஒரு மணி நேரம் கிடைக்கும். மொனராகலையிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் வேலை செய்த நல்லம்மா அக்காவுக்குக் கணினி திறக்கத் தெரியும். இருவரும் ஒரு இணையக் கடைக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்தார்கள்.

அன்று மாலை ஹாஷிம் நானா கடைக்கு அம்மாவின் அழைப்பு வந்தது. கிஷாந்தன்தான் ஓடிப்போய் எடுத்தான்.

“அம்மா, பாத்தீங்களா? எப்படி இருக்கு?”

“ரொம்ப நேரம் வெள்ளையா இருந்துச்சு கண்ணு. அப்புறம் ஏதோ பூ வந்துச்சு. ஏபிசிடி எல்லாம் பறந்துச்சு. ஒரு படம் வந்த மாதிரி இருந்துச்சு, என்னன்னு பாக்கிறதுக்குள்ள ஓடிருச்சு.” அம்மா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. “எனக்குத்தான் பாக்கத் தெரியலை போல.”

கிஷாந்தன் போனை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மா சொன்னதைச் சொன்னான்.

அப்பா விரலை மடக்கி நாள் எண்ணினார். “வர்ற திங்கக்கிழமை இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கிழமை சுவரு ஜன்னல் மட்டத்துக்கு வந்துரும். அதுக்குள்ள சொல்லலைன்னா பாஸ் மேல ஓட்டையை விட்டுட்டுப் போயிருவாரு.”

நடுவில் இருந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

மறுநாள் காலையிலேயே கிஷாந்தன் ஒரு தாளில் ஏதேதோ எழுத ஆரம்பித்தான்.

“என்னண்ணே?”

“இன்னும் எட்டுப் படம் சேக்கப் போறேன். பாட்டும் போடணும். அப்பத்தான் அம்மாவுக்கு நல்லாப் புரியும்.”

ஆர்த்திகாவுக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்றுதான் சொல்லத் தெரியவில்லை. சீனி வாங்கப் போனவள் ஹாஷிம் நானா கடைக்கு முன்னால் நின்றாள். கொஞ்ச நேரம் தயங்கினாள். பிறகு உள்ளே போனாள்.

“நானா, அண்ணன் செஞ்ச பேஜ் இருக்குதுல்ல? அதை உங்க கம்ப்யூட்டர்ல தொறந்து காட்ட முடியுமா?”

“அது வரும் மகள். ஆனா மெல்ல வரும். ஒக்காருங்க.”

தொலைபேசிக் கம்பி வழியாக இணைப்பு ‘கீ... கர்ர்’ என்று இரைந்தது. ஆர்த்திகா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நிமிடம் வெள்ளைத் திரை. ஒன்பதாவது நிமிடம் ரோசாப்பூ. பதினாலாவது நிமிடம் எழுத்துகள் பறந்து வந்தன. அவை தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவும் கலந்து, யாரோ கீபோர்டின் மேல் பூனையை நடக்க விட்டதுபோல் இருந்தது.

“இது என்ன பாஷை நானா?”

“தமிழ்தான். உங்க அண்ணன் அடிச்ச தமிழ் எழுத்து அவர்ட கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இரிக்கும் போல. இதுல அது இல்ல. அதான் இப்பிடிக் காட்டுது.”

பதினாறாவது நிமிடம் சமையலறைப் படம் வந்தது. ஆர்த்திகா எட்டிப் பார்ப்பதற்குள் கதவு திறந்து, படம் ஓடிவிட்டது. அவள் வாய்க்குள் எண்ணினாள். நான்கு விநாடி.

அம்மா நாலாம் வகுப்பு வரை படித்தவர். கடிதம் வந்தால் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படிப்பார். ஒரு வரி முடிந்ததும், அது உள்ளே போய்ச் சேரட்டும் என்பதுபோல் கொஞ்ச நேரம் நிறுத்துவார். அப்புறம்தான் அடுத்த வரி.

ஆர்த்திகா சீனி வாங்க மறந்து வீட்டுக்கு ஓடினாள்.

“அண்ணே, அம்மாவுக்குப் பாக்கத் தெரியாம இல்ல. அது நிக்க மாட்டேங்குது!”

அவள் பார்த்ததையெல்லாம் சொன்னாள். கிஷாந்தனின் முகம் சிவந்தது.

“பள்ளிக்கூடத்துல நல்லாத்தானே ஓடுச்சு?”

“ஓடுச்சு. அதுக்கு அம்மா நம்ம பள்ளிக்கூடத்துக்கு வந்து பாப்பாங்களா?”

“நீ பெரிய கம்ப்யூட்டர்காரி! ராத்திரி பகலா ஒக்காந்து செஞ்சிருக்கேன். ஒனக்கு என்ன தெரியும்?”

“எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது,” என்றாள் ஆர்த்திகா மெதுவாக. “அம்மாவைத் தெரியும்.”

கிஷாந்தன் அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“சரி. எதை எடுக்கணும்னு சொல்லு. என் ரோசாப்பூவைத்தானே சொல்லப் போற?”

ஆர்த்திகா யோசித்தாள். பதினெட்டாவது படத்தில் அவள் இருந்தாள். தைப்பொங்கலுக்குத் தைத்த கவுன் போட்டு, புது வீட்டு வாசல்படியில் நின்று எடுத்த படம். அம்மா பார்க்க வேண்டும் என்று அவள் மிகவும் ஆசைப்பட்ட படம்.

“மொதல்ல என் படத்தை எடு,” என்றாள்.

கிஷாந்தன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பென்சிலை எடுத்துப் பதினெட்டை வெட்டினான். அப்புறம் அவனே பறக்கும் தலைப்பை வெட்டினான். மணிச் சத்தத்தை வெட்டினான். ரோசாப்பூவுக்கு மேல் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது.

“அண்ணே, ஒண்ணு கேக்கவா? ஒரு பேஜ்ல இருந்து இன்னொரு பேஜுக்குப் போக முடியுமா?”

“முடியும். லிங்க் குடுக்கணும்.”

“அப்போ மொதல் பேஜ்ல ஜன்னல் மட்டும் வைப்போம். ரோசாப்பூ, என் படம் எல்லாம் ரெண்டாவது பேஜ்ல இருக்கட்டும். அம்மாவுக்கு நேரம் மிஞ்சினா அங்க போயிப் பாக்கட்டும்.”

கிஷாந்தன் முகத்தில் சனிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. “நீ வக்கீலாத்தான் வருவ,” என்றான்.

ஜன்னலுக்கு மூன்று படங்கள் போதும். அப்பா சொன்ன பின்சுவர் ஒன்று, அண்ணன் சொன்ன இடது சுவர் இரண்டு, பாஸ் சொன்ன ஓட்டை மூன்று. ஆனால் எழுத்துக்கு என்ன செய்வது? எந்தக் கணினியில் எந்தத் தமிழ் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

“கையால எழுதுவோம்,” என்றாள் ஆர்த்திகா. “எழுதினதைப் படம் எடுத்துப் போட்டா? படம் எங்க போனாலும் படந்தானே?”

கிஷாந்தன் பென்சிலைக் கீழே வைத்தான். “அது... நடக்கும்,” என்றான்.

ஆர்த்திகா கறுப்புப் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதினாள். முதலில் ஒரு முழுப் பக்கம் வந்தது. பாதியை வெட்டினாள். மறுபடி படித்து, அதிலும் பாதியை வெட்டினாள். கடைசியில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி மிஞ்சியது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் கணினி அறையைத் திறந்துவிட்டார். “கெதியா முடியுங்கோ பிள்ளையள். மழை இருட்டுது, கரண்ட் போனாலும் போயிடும்.”

கிஷாந்தன் படங்களைச் சின்னதாக்கினான். நோட்பேடில் பத்துப் பதினைந்து வரிக் கட்டளை எழுதினான். திரையில் ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. மேலே படம், கீழே ஆர்த்திகாவின் கையெழுத்து. அடுத்த படம், அடுத்த வரி. அவ்வளவுதான்.

“மொட்டை அடிச்ச மாதிரி இருக்கு,” என்றான் கிஷாந்தன்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “எனக்கு உடனே விளங்குது,” என்றார்.

போன தடவை ஒரு சிடி தேவைப்பட்டது. இந்தத் தடவை முதல் பக்கம் முழுவதும் கொஞ்சமே இடமுள்ள ஒரு பிளாப்பித் தட்டில் ஏறி, அதில் பாதிக்கு மேல் இடம் மிச்சமும் இருந்தது.

புதன்கிழமை ஹாஷிம் நானா கடையில் அதை ஏற்றினார்கள். இந்தத் தடவை கிஷாந்தன் எழுந்து போகவில்லை. “தொறந்து பாப்போம்,” என்று அவனே சொன்னான். ஆர்த்திகா கடிகாரத்தைப் பார்த்தாள். முக்கால் நிமிடத்தில் முதல் படம் வந்துவிட்டது. வந்த படம் நின்றது. எங்கேயும் ஓடவில்லை.

அப்போது பக்கத்துக் கடைக்கு வெற்றிலை வாங்க வந்த ரெங்கம்மா அக்கா கழுத்தை நீட்டினார். அவர் அதே லயத்தில் இருப்பவர், தேயிலைக் கொழுந்து பறிப்பவர். கூடை இன்னும் முதுகில்தான் இருந்தது.

“என்னடி அது, உங்க வீடு மாதிரி இருக்கு?”

“படிங்கக்கா,” என்றாள் ஆர்த்திகா.

ரெங்கம்மா அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, திரையில் விரல் வைத்தார். “ஒண்...ணு. பின்... சுவ...ரில்... ஜன்னல் வைத்...தால்... கறித்... தோட்டம் தெரி...யும்.” நிமிர்ந்து மூவரையும் பெருமையாகப் பார்த்தார். மூன்று வரிகளையும் படித்து முடித்தார். பிறகு இடுப்பில் கை வைத்தார்.

“எல்லாஞ் சரி. அடுப்பு எங்க?”

ஆர்த்திகாவும் கிஷாந்தனும் மூன்று படங்களிலும் அடுப்பைத் தேடினார்கள்.

“அடுப்பு எங்கன்னு தெரியாம ஜன்னல் எங்கன்னு எப்படிடா சொல்றது? காத்து அடிச்சு அடுப்பு அணைஞ்சா யாரு ஊதுவா, நீயா ஊதுவ?”

அடுப்பு பின்சுவரோரம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதாலேயே யாரும் அதை எழுதவில்லை. இருபத்திரண்டு படங்களிலும் அது இல்லை.

மறுநாள் ஆர்த்திகா புது வீட்டுக்குப் போனாள். அடுப்பு வரவேண்டிய இடத்தில் மூன்று கற்களை வைத்தாள். அதன் முன்னால் நின்றபடி கிஷாந்தன் ஒரு புதுப் படம் எடுத்தான். பின்சுவர் நேரே தெரிந்தது, இரண்டு பக்கச் சுவர்களும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தன. ஆர்த்திகா அதற்கு ஒரு வரி எழுதினாள்: ‘அம்மா, நீங்கள் அடுப்புக்கு முன்னால் நிற்கிறீர்கள்.’ அது பக்கத்தின் முதல் படமானது.

வெள்ளிக்கிழமை மாலை அப்பாவும் பிள்ளைகள் இருவரும் கம்யூனிகேஷன் கடையில் போனுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஆறு மணி. ஆறரை. வேறு யாருக்கோ இரண்டு அழைப்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் மூவரும் ஒன்றாக எழுந்து, ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

“பாத்து, பெஞ்சு ஒடஞ்சுரும்,” என்றார் ஹாஷிம் நானா.

ஏழு மணிக்கு அம்மா கூப்பிட்டார். அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

“பாத்தேன்!” என்றது அம்மாவின் குரல். “முழுசாப் பாத்தேன். பாப்பா கையெழுத்துன்னு பாத்தவொடனே தெரிஞ்சுபோச்சு. பாதி நேரத்துக்கு மேல அந்தக் குசினிக்குள்ளதான் நின்னேன்.”

“அப்போ சொல்லு, ஒண்ணா, ரெண்டா?” என்றார் அப்பா. “ஒண்ணுதானே?”

“ரெண்டுதானேம்மா?” என்றான் கிஷாந்தன்.

“மூணும் வேணாம்.”

மூவரும் போனுக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

“அடுப்புக்கு முன்னால நிக்கிற படம் இருக்குல்ல? அதுல வலது பக்க ஓரத்தைப் பாருங்க. சுவருக்கு மேல ஒரு பாதை தெரியுது. பள்ளிக்கூடத்துல இருந்து ஏறி வர்ற பாதைதானே அது?”

“ஆமாம்மா,” என்றாள் ஆர்த்திகா.

“ஜன்னலை அந்தப் பக்கம் வைங்க. மலையைத்தான் வாழ்நாள் பூராப் பாத்தாச்சு. சமைச்சுக்கிட்டே நீங்க ரெண்டு பேரும் வர்றதைப் பாக்கணும் எனக்கு.”

அப்பா போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். “வச்சுருவோம்,” என்றார்.

கிஷாந்தனால் பொறுக்க முடியவில்லை. “அம்மா, ரெண்டாவது பேஜ் பாத்தீங்களா? பூப் போட்டது?”

“அது வந்துக்கிட்டே இருந்துச்சு கண்ணு. பாதி ரோசாப்பூ வந்தப்போ நேரம் முடிஞ்சிருச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை மிச்சத்தையும் பாக்குறேன்.”

“பாதி வந்துச்சாம்!” என்று கிஷாந்தன் தங்கையின் தோளைத் தட்டினான்.

அடுத்த புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ஆர்த்திகா அந்தப் பாதையில் ஏறி வீட்டருகே வந்தாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வீட்டின் சுவர் அவள் தலைக்கு மேல் எழுந்திருந்தது. வலது பக்கச் சுவரில் மட்டும் ஒரு சதுர இடைவெளி. உள்ளே மேசன் கரண்டியோடு பாஸ் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன பாப்பா, அங்கயிருந்து குசினி தெரியுதா?”

ஆர்த்திகா எம்பிப் பார்த்தாள். “தெரியுது பாஸ்! இங்கயிருந்து அடுப்புக் கல்லுகூடத் தெரியுது!”

“இங்கயிருந்து நீயும் நல்லாத்தான் தெரியிற,” என்றார் பாஸ். “செருப்புல ஒட்டியிருக்கிற சேறுகூடத் தெரியுது. காலைக் கழுவிட்டு உள்ள வா.”